வயதான கோழியின் முட்டை ஓடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

என் கோழி செவலைக்கு நாலு வயது முடியும் தருவாயில் ஒரு நாள் காலை கூட்டுக்குள் கை விட்டேன். முட்டை இருந்தது. எடுக்கும்போதே பெருவிரல் ஓட்டைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் வெங்காயச் சருகு மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. உள்சவ்வு கெட்டியாக இருந்ததால்தான் முட்டை சிதறாமல் கையில் நின்றது.

அன்றிலிருந்து தீவனத்தில் கிளிஞ்சல் தூளை அள்ளிக் கலந்தேன். இரண்டு வாரம் ஆகியும் ஓடு தேறவில்லை. தூள் கூடிப்போனதால் செவலை தீவனத்தைக் கிளறிக் கிளறி விட்டுவிட்டு, தின்பதையே குறைத்துக்கொண்டது. கால்சியம் போதவில்லை என்பது பாதி விஷயம்தான். அது எந்த நேரத்தில் வயிற்றில் இருக்கிறது, தூளாக இருக்கிறதா துண்டாக இருக்கிறதா, உடம்பு அதை எடுத்துக்கொள்கிறதா, எடுத்ததை எவ்வளவு பெரிய முட்டையின்மேல் பூச வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் மீதிப் பாதி.

எங்கே பிசகியது என்பதை முட்டையே காட்டிக்கொடுக்கும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் எந்தக் கட்டத்தில் தடங்கல் வந்ததோ அதற்கேற்ற தடம் ஓட்டில் விழுகிறது. அதனால் எதையும் வாங்கிப் போடும் முன் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

வயதானால் ஏன் இப்படி ஆகிறது

ஒரு முட்டையை இட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கோழி அடுத்த மஞ்சள்கருவை விடுகிறது. அது முட்டைக்குழாயில் இறங்கி, சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கருவைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து இரண்டு மெல்லிய சவ்வுகளைப் போர்த்திக்கொள்ளும். நாலரை, ஐந்து மணி நேரம் கழித்து ஓட்டுச் சுரப்பிக்குள் வரும். அங்கே முதலில் நீர் ஏறி முட்டை உப்பும். ஓடு வேகமாக ஏறத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். காலை 8 மணிக்கு முட்டையிடும் கோழி என்றால், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரைதான் ஓடு மும்முரமாக ஏறும். அந்த நேரம் முழுக்கக் கோழி தூங்குகிறது, எதையும் தின்பதில்லை.

ஓட்டின் எடையில் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் செலவாகிறது. கோழியின் உடம்பு முழுக்கத் திரட்டினாலும் கால்சியம் 20, 25 கிராம்தான் தேறும். ஒரே முட்டைக்கு உடம்பில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு போகிறது. இரவில் குடலிலிருந்து வருவது போதாதபோது, இதற்கென்றே எலும்புக்குள் சேர்த்து வைத்திருக்கும் மெத்தென்ற எலும்பு கரைந்து ரத்தத்துக்கு வரும். பகலில் அது மறுபடி நிரப்பப்படும்.

வயது ஏற ஏற, குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது. வைட்டமின் டி3-ஐச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் சிறுநீரகத்தின் வேலையும் தளர்கிறது. அதோடு முட்டை பெரிதாகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். கோழி ஓட்டுக்காகத் தரும் சுண்ணாம்பின் அளவு வயதோடு கூடுவதில்லை, மூட வேண்டிய பரப்புதான் கூடுகிறது. 5.5 கிராம் ஓடு 55 கிராம் முட்டைக்கு 10 சதவீதம். அதே 5.5 கிராம் 68 கிராம் முட்டைக்கு 8 சதவீதம்தான்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். முட்டையை முழுதாக எடை போடுங்கள். உடைத்தபின் ஓட்டைச் சவ்வோடு சேர்த்துக் கழுவி, ஒரு நாள் நன்றாகக் காயவைத்து, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசில் வையுங்கள். ஓடு முட்டை எடையில் 9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 8-க்குக் கீழே போனால் கையாளும்போதே விரிசல் விடும். செவலையின் அடுத்த முட்டை 71 கிராம், காய்ந்த ஓடு 4.9 கிராம். சதவீதம் 7-ஐக்கூடத் தொடவில்லை. வாரத்துக்கு ஒரு முட்டை இப்படி எடை போட்டு எழுதி வைத்தால், செய்கிற மாற்றம் பலிக்கிறதா என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

முதல் கேள்வி: ஒரு கோழியா, எல்லாமா?

நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டி எதையும் செய்யக்கூடாது. ஒரு கிழட்டுக் கோழியின் முட்டை மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் அது வயதுக் கோளாறு. இளங்கோழி, கிழக்கோழி எல்லாமும் ஒரே வாரத்தில் மெல்லிய முட்டை இட்டால், தீவனம், தண்ணீர், வெயில், நோய் இவற்றில் ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது.

யார் முட்டை என்று தெரியவில்லையா? ஒவ்வொரு கோழியின் முட்டைக்கும் வடிவத்தில் ஒரு தனி ஜாடை உண்டு. சில வாரம் கவனித்தால் பழகிவிடும். அவசரமாகத் தெரிய வேண்டுமானால், சந்தேகப்படும் கோழியின் முட்டை வரும் துவாரத்தைச் சுற்றி உணவில் சேர்க்கும் நிறமியை மாலையில் லேசாகத் தடவி விடுங்கள். மறுநாள் முட்டையில் கோடு விழுந்திருக்கும்.

அறிகுறி: ஓடு மெலிந்துபோய், தொட்டால் விரிசல்

வயதான கோழிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இருட்டறையில் முட்டையின் அடியில் டார்ச் வைத்துச் சுழற்றுங்கள். மயிரிழை விரிசல் வெள்ளிக் கோடு மாதிரி மின்னும்.

தீவனக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். முட்டையிடும் கோழிக்கான கலப்புத் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். 4 சதவீதம் உள்ள தீவனத்தை நாளுக்கு 110 கிராம் தின்றால் 4.4 கிராம் கால்சியம் உள்ளே போகிறது. அதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். 2.2 கிராம், அதாவது ஒரு முட்டைக்குச் சரியாக இருக்கிறது. இப்போது பாசத்தில் 50 கிராம் மக்காச்சோளமும் வேறு தானியமும் போடுகிறோம் என்று வையுங்கள். தானியத்தில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். கோழி வயிறு நிறைந்து 60 கிராம் தீவனத்தோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளே போவது 2.4 கிராம், உடம்பில் சேர்வது 1.2 கிராம். இளங்கோழி எலும்பிலிருந்து கடன் வாங்கிச் சமாளித்துவிடும். கிழக்கோழிக்கு அந்தக் கடன் கிடைப்பதில்லை.

ஆகவே முதல் வேலை, தானியத்தை ஒரு கைப்பிடிக்குக் குறைப்பது. தவிட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவத்தில் இருந்துகொண்டு குடலிலேயே கால்சியத்தைப் பிடித்து வைத்துவிடும். பசலை போன்ற ஆக்சலேட் மிகுந்த கீரைகளும் இதே வேலையைச் செய்யும். கொஞ்சம் கொத்தினால் ஒன்றுமில்லை, தினமும் கட்டுக்கட்டாக வேண்டாம்.

அடுத்தது கால்சியத்தின் வடிவம். தூள் சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டோ சுண்ணாம்புக்கல் குருணையோ அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓடு ஏறுகிற நேரமும் அதுதான். என் கிளிஞ்சல் தூள் பலிக்காமல் போனதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. தூளை நிறுத்தி, குருணையைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். காலையில் செவலை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வந்து, வேறெதையும் தொடாமல் கிண்ணத்தில் இருபது முப்பது கொத்து கொத்திவிட்டுப் பரணேறும். ஓடு ஏறும் நேரத்தை ஒட்டிக் கோழிக்குக் கால்சியத்தின்மேல் தனிப் பசி வருகிறது. கிண்ணம் தனியாக இருந்தால் தேவையான அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல் வேறு, நீற்றிய சுண்ணாம்பு வேறு. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. கோழியின் வாயையும் தீனிப்பையையும் புண்ணாக்கிவிடும், அதைக் கொடுக்கவே கூடாது. முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் நன்றாகச் சூடுபடுத்திக் காயவைத்து, முட்டையின் சாயல் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். குஞ்சுகளும் முட்டைக்கு வராத பெட்டைகளும் அதே இடத்தில் தின்றால், அதிகக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்சியத்தைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், தானியத்தை அரைக்கக் கோழி விழுங்கும் கருங்கல் குருணை கரையாது. அதைப் போட்டுவிட்டுக் கால்சியம் போட்டாயிற்று என்று நினைத்துவிட வேண்டாம்.

கால்சியம் சரியாக இருந்தும் ஓடு மெலிகிறது என்றால் வைட்டமின் டி3-ஐ நினையுங்கள். அது இல்லாமல் குடல் கால்சியத்தை எடுக்காது. கோழியின் இறகில்லாத தோலில், கால், கொண்டை, முகம் இவற்றில் நேரடி வெயில் பட்டால் டி3 அங்கேயே உருவாகும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலுக்கு அந்தப் பலன் கிடையாது. நாள் முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே அடைபட்ட கோழி, தீவனத்தில் வரும் டி3-ஐ மட்டுமே நம்பியிருக்கிறது. அந்தத் தீவனம் மாதக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்திருந்தால் வைட்டமின் குறைந்துபோயிருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் அது ஈரலையும் தாக்கும். மனிதர்களுக்கான டி2 மாத்திரை வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. பறவைகளுக்கு டி3தான் வேலை செய்யும்.

வெயில் காலம் என்றால் கதை வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். இளைக்க இளைக்க ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. ஓட்டுக்கான கார்பனேட் அந்த இருப்பிலிருந்துதான் வர வேண்டும். கால்சியத்தை எவ்வளவு கொட்டினாலும் மறுபாதிப் பொருள் இல்லாமல் ஓடு எப்படி ஏறும்? தீவனம் தின்பதும் குறைந்துவிடுகிறது. நடுப்பகலில் நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர் மூன்றும் இருக்கட்டும். தீவனத்தை விடியலிலும் சாயங்காலமும் வையுங்கள். வெயில் தணிந்து பத்து நாளில் ஓடு தானாகத் தேறினால் வேறு மருந்து எதுவும் தேவையில்லை.

தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு கரிக்கும் தண்ணீர் ஓட்டைக் கெடுக்கும். நல்ல தண்ணீருக்கு மாற்றிய பிறகும் தேற நாளாகும். குடற்புழு இருந்தாலும் தின்றது உடம்பில் ஒட்டாது. எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு அதற்கேற்ற மருந்து கொடுப்பது நல்லது.

அறிகுறி: தோல்முட்டை

ஓடே இல்லாமல், சவ்வுக்குள் தண்ணீர் தளும்பும் பை மாதிரி வருவது. கிழக்கோழியிடம் இது கூட்டில் கிடைப்பதைவிடப் பரணுக்கு அடியில் எச்சத்தோடு கிடப்பதுதான் அதிகம். இரவில் நேரத்துக்கு முன்பே நழுவிவிட்டது என்று அர்த்தம். பரணுக்கு அடியில் ஒரு பழைய சாக்கை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். "என் கோழி முட்டையை நிறுத்திவிட்டது" என்று நினைத்திருக்கும் பலருக்கு அங்கே பதில் கிடைக்கும்.

எப்போதாவது ஒன்று வந்தால் விட்டுவிடலாம். இரவில் நாயோ பாம்போ கொட்டகையைச் சுற்றி வந்தாலும், இரண்டு மஞ்சள்கரு அடுத்தடுத்து இறங்கினாலும் இப்படி நடக்கும். வாரத்தில் இரண்டு மூன்று என்று தொடர்ந்தால், மேலே சொன்ன கால்சியம், டி3 வரிசையை முழுக்க ஒரு முறை சரிபாருங்கள். அண்மையில் சல்ஃபா வகை மருந்து கொடுத்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஓடு உருவாகத் தேவையான ஒரு நொதியை அந்த வகை மருந்து முடக்கும்.

தோல்முட்டையை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. வெளியே வந்தது பிரச்சினையில்லை, வராமல் உள்ளேயே கிழிந்ததுதான் பிரச்சினை. முட்டைக்குழாய்க்கு அழுத்திப் பிடிக்கக் கெட்டியான ஓடு வேண்டும். பை மாதிரி இருந்தால் தள்ள முடியாமல் திணறும். உள்ளே உடைந்து வயிற்றறையில் கசிந்தால் கிருமி பெருகிக் கோழியையே கொண்டுபோய்விடும். இன்னொன்று, கூட்டில் உடைந்து கிடக்கும் தோல்முட்டையை மற்றக் கோழிகள் ருசி பார்த்தால், நல்ல முட்டையையும் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும். கண்டவுடன் எடுத்து, அந்த இடத்துப் படுக்கையையும் மாற்றுங்கள்.

எல்லாக் கோழிகளும் நல்ல சுறுசுறுப்போடு இருக்க, ஓட்டின் நிறம் முதலில் வெளுத்து, அப்புறம் மெலிந்து, அப்புறம் தோல்முட்டையாகவே வந்தால், அது முட்டை வீழ்ச்சி நோயாக இருக்கலாம். 1976-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் இ.டி.எஸ்.-76 என்பார்கள். வாத்தில் இயல்பாக வாழும் அடினோ வைரஸால் வருவது. வாத்தும் கோழியும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கும் இடங்களில் இதை மறக்கக்கூடாது. வந்தபின் மருந்து கிடையாது, முன்னதாகப் போடத் தடுப்பூசி உண்டு.

அறிகுறி: இடுப்பில் வளையம், அல்லது ஒரு பக்கம் தட்டை

முட்டையின் நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு மேடு ஓடும். விரலால் தடவினால் தழும்பு தட்டுப்படும். ஓடு மெல்லியதாக ஏறியிருந்த நேரத்தில் அதிர்ச்சியால் உள்ளேயே விரிசல் விட்டு, கோழி அதன்மேல் மீண்டும் சுண்ணாம்பு பூசி ஆற்றியிருக்கிறது. எனக்கு இந்த முட்டையைப் பார்த்தால் கோபத்தைவிட மரியாதைதான் வரும், உடைந்ததை இருட்டில் ஒட்டிக் கொடுத்திருக்கிறதே!

காரணத்தை முந்தைய நாள் பின்மதியத்திலிருந்து இரவு தொடங்கும்வரை தேடுங்கள். அந்த நேரத்தில் யார் துரத்தினார்கள்? பிடித்துத் தூக்கினீர்களா? பரணில் இடம் போதாமல் சண்டையா? கிழக்கோழி உயரப் பரணிலிருந்து தொப்பென்று குதிக்கிறதா? பரணைத் தாழ்த்தி, ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். சாயங்கால வேளையில் கோழியைப் பிடிப்பதை நிறுத்துங்கள். வேறு வைத்தியம் இதற்கு இல்லை.

ஒரு பக்கம் தட்டையாக வந்தால், ஓட்டுச் சுரப்பியில் இரண்டு முட்டை ஒரே நேரத்தில் இருந்து ஒன்றையொன்று நெருக்கியிருக்கிறது. முன்னால் வந்த முட்டையில் வெள்ளைப் பட்டையோ மேற்பூச்சோ இருக்கும், பின்னால் வந்தது தட்டையாக இருக்கும். முட்டை இடும் நேரத்தில் பயந்து அடக்கிக்கொண்ட கோழியிடம் இது நடக்கும். எப்போதாவது வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

அறிகுறி: ஓட்டில் சுருக்கம்

துணியைக் கசக்கி விரித்த மாதிரி வரிவரியாக இருக்கும். ஓடு ஏறும் முன் முட்டை நீரேறி உப்ப வேண்டும் என்றேனே, அந்தக் கட்டத்தில் நடந்த குறை இது. சவ்வு இழுபட்டு இறுகாமல் தொளதொளவென்று இருக்க, அதன்மேலேயே சுண்ணாம்பு படிந்துவிட்டது. கால்சியம் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

முட்டையைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். வெள்ளைக்கரு மஞ்சள்கருவைச் சுற்றி மேடாக நிற்காமல் தண்ணீராக ஓடுகிறதா? கிழக்கோழியிடம் வயதாலேயே அப்படி ஆவதுண்டு, அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. கூடவே தும்மல், மூக்கு ஒழுகல், மூச்சில் கரகரப்பு, முட்டை எண்ணிக்கையில் சரிவு இருந்தால், அல்லது பல கோழிகள் ஒரே நேரத்தில் இப்படி இட்டால், தொற்று மூச்சுக்குழல் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வைரஸ் முட்டைக்குழாயையும் தாக்கும். நோய் தெளிந்த பின்னும் ஓட்டில் சுருக்கம் தொடரலாம். வெள்ளைக் கழிச்சல் நோயிலும் ஓடு கெடும், ஆனால் அதில் கோழி படும் பாட்டைப் பார்த்தாலே மருத்துவரிடம் ஓடுவீர்கள்.

ஓட்டின் கூர்முனையை ஒட்டி மட்டும் கண்ணாடி மாதிரி மெலிந்து, எல்லை போட்டதுபோல் பிரிந்து தெரிந்தால், அது மைகோபிளாஸ்மா சினோவியே என்ற கிருமியின் தடம். பரிசோதனையில்தான் உறுதி செய்ய முடியும்.

அறிகுறி: பரு, மணல், வெள்ளைப் பூச்சு

இவை பெரும்பாலும் பார்வைக்கு மட்டும்தான் குறை. ஓட்டுச் சுரப்பியில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கிய முட்டைக்கு மேலே வெள்ளைத் தூள் பூசியது மாதிரி இருக்கும். பருக்கள் வயதோடு கூடும். தீவனத்தில் கால்சியம் அளவுக்கு மீறிப்போனாலும் வரும். நாம் போட்டது கூடிப்போயிற்று என்று ஓடு சொல்லும் இடம் இது, கவனியுங்கள். பருவை நகத்தால் பெயர்க்க வேண்டாம், அடியில் ஓட்டை விழுந்துவிடும்.

அறிகுறி: நிறம் வெளுத்தல், புள்ளி புள்ளியாகத் தெரிதல்

பழுப்பு ஓட்டின் நிறம் புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி. ஓடு ஏறி முடியும் கடைசிக் கட்டத்தில் மேல்பூச்சாகப் படிவது. முட்டை பெரிதாகும்போது அதே நிறமி பரந்து வெளுப்பது வயதான கோழியில் சகஜம். ஓட்டின் எடை குறையாத வரை நிறத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். திடீரென எல்லாக் கோழிகளிலும் வெளுத்தால் மட்டும் நோயையும், நிகார்பசின் என்ற மருந்து கலந்த தீவனம் தவறுதலாக வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் புள்ளிகள், ஈரம் ஓட்டுக்குள் சீராகப் பரவாததால் வருபவை.

அறிகுறி: முட்டை வரவில்லை, கோழியும் சரியில்லை

இதைப் படிக்கும்போது உங்கள் கோழி இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்குகிறது என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். கால்சியம் குறைந்தால் ஓடு மட்டுமல்ல, முட்டையைத் தள்ளும் தசையும் சோர்ந்துபோகும். மெல்லிய ஓட்டுக்காரக் கோழிக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

இளஞ்சூடான தண்ணீரில் வயிறும் பின்பகுதியும் மூழ்கும்படி 15, 20 நிமிடம் வைத்திருங்கள். துடைத்து, கதகதப்பான இருட்டு இடத்தில் தனியாக விடுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். வயிற்றைப் பிசைந்து முட்டையைத் தள்ள முயலாதீர்கள். உள்ளே உடைந்தால் ஓட்டின் கூர்மை குழாயைக் கிழித்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் மாற்றம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று வைத்திருக்க வேண்டாம். கால்சியம் ஊசி போட்டால் பல நேரம் முட்டை தானே வந்துவிடும். காலில் வலுவில்லாமல் படுத்தே கிடக்கும் முட்டைக்கோழிக்கும் அதே அவசரம். எலும்பின் கால்சியம் வற்றிப்போனதன் அடையாளம் அது.

வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தொங்குவதும், ரப்பர் போன்ற சீழ்க்கட்டி முட்டை வடிவில் வெளியே வருவதும் முட்டைக்குழாய்த் தொற்றின் அறிகுறிகள். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

எல்லாம் செய்தும் ஓடு தேறவில்லை

தீவனம், குருணை, வெயில், தண்ணீர் எல்லாம் சரிசெய்தபின் நாலு வாரம் கொடுங்கள், அதற்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். செவலையின் ஓடு நாலாவது வாரத்தில் 7.6 சதவீதத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

அப்புறம் அதற்குத் தேவைப்பட்டது ஓய்வு. கொட்டகையில் இரவு 9 மணிவரை ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோழிக்கு ஒளி நேரம் நீண்டால் முட்டை உற்பத்தி நிற்காது. விளக்கை எடுத்தேன். பகல் குறுகும் காலம் வந்ததும் செவலை இறகு உதிர்க்கத் தொடங்கியது, முட்டையும் நின்றது. இரண்டு மூன்று மாதம் நீளும் இந்த இடைவெளியில்தான் முட்டைக்குழாயின் உள்சுவர் புதுப்பிக்கப்படுகிறது, எலும்பும் நிரம்புகிறது. பட்டினி போட்டு இறகு உதிரவைக்கும் முறையைக் கிழக்கோழியிடம் செய்யவே வேண்டாம். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது, அதனால் இந்தக் காலத்தில் புரதம் கூடிய தீவனம் கொடுங்கள். கால்சியக் கிண்ணம் அதுபாட்டுக்கு இருக்கட்டும், வேண்டாதபோது கோழி அதைத் தொடாது.

ஓய்வுக்குப் பிறகும் தோல்முட்டையாகவே இட்டு, ஒவ்வொரு முறையும் கோழி வேதனைப்பட்டால், முட்டையை முழுவதுமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். சில நாடுகளில் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் உள்வைப்பைத் தோலுக்கு அடியில் வைத்துச் சில மாதம் நிறுத்துகிறார்கள். எல்லா நாட்டுச் சட்டமும் கோழிக்கு இதை அனுமதிப்பதில்லை.

விரிசல் விட்ட முட்டையை என்ன செய்வது என்று கேட்பார்கள். சவ்வு கிழியாமல், அன்றே கண்டெடுத்திருந்தால், அன்றே மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். சவ்வு கிழிந்து கசிந்திருந்தால் வேண்டாம், சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது திறந்த கதவு.

செவலை பதினோரு வாரம் கழித்து மறுபடி முட்டையிட்டது. முதல் முட்டை 64 கிராம். ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தராசில் வைத்தேன், 5.6 கிராம். இப்போது வாரத்துக்கு மூன்று முட்டைதான் இடுகிறது. கிண்ணத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு நிரப்பி வைக்கிறேன்.